குற்றாலத்தில் இசக்கி எடுத்த ரூம்

1

ஏலே இசக்கி, நீ கேட்ட அதே கேள்வியை இப்போது செல்வி கேட்கிறாள்.

"அண்ணே, ஹாஸ்டலா, வெளிய ரூமா? நீயே சொல்லு. அம்மா ரெண்டும் வேண்டாம்னு ஒக்காந்திருக்கா."

வாய்ஸ் மெசேஜ் வந்தபோது நான் சாரத்தின் மேல் நின்று ஏசி டக்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே நின்ற மலையாளத்து போர்மேன் போனை வை என்று கத்தினார். வைத்துவிட்டேன். உன் குரல் மாதிரியே இருந்தது அவள் குரல். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கடைசியில் லேசாக இழுக்கிறதுகூட உன்னை மாதிரிதான்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. ஆலங்குளத்துக்குக் கிழக்கே உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊர் எங்கள் ஊர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பீடி சுற்றி எங்கள் மூன்று பேரையும் வளர்த்தாள். மூத்தவன் நான். ஒன்பதாவது பாதியில் நின்றவன். இப்போது மஸ்கட்டில் ஏசி வேலை. அடுத்தவன் இசக்கிமுத்து. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவன் அவன்தான். கடைசி செல்வி. இந்த வருசம் பிளஸ் டூ முடித்தாள்.

இசக்கி இப்போது இல்லை. இந்த ஆடியோடு ஒரு வருசம்.

எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. போனில் பேசிப் பேசிப் பழகியவன். இதை எழுதச் சொன்னது எங்கள் அம்மா. எதற்கு எழுதச் சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இசக்கிக்குக் குற்றாலத்துப் பக்கம் ஒரு காலேஜில் பி.காம். கிடைத்தது. ஊரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து ஆலங்குளம், அங்கிருந்து தென்காசி, தென்காசியில் இறங்கி இன்னொரு பஸ். முதல் சில மாதம் அப்படித்தான் போய் வந்தான். சாயங்காலம் ஊர் பஸ்ஸை விட்டுவிட்டால் மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வருவான். அவன் வருகிறவரைக்கும் அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருப்பாளாம். ஒழுங்காகச் சுற்றாத பீடியைக் கம்பெனியில் கழித்துவிடுவார்கள். அந்த மாதங்களில் நிறைய கழிந்தது என்று செல்வி சொன்னாள்.

பிறகுதான் கேட்டான். "அண்ணே, ஹாஸ்டல்ல எடம் இருக்குன்னு சொல்லுதாவ. இல்லன்னா பையங்க சேந்து குத்தாலத்துல ரூம் எடுக்கோம். எதுக்குப் போவட்டும்?"

நான் யோசிக்கவே இல்லை, ஹாஸ்டல் என்றேன். ஏனென்றால் எனக்கு அது தெரியும். நான் இருப்பதும் ஒரு ஹாஸ்டல்தான். இங்கே அதைக் கேம்ப் என்பார்கள். கம்பெனியே படுக்க இடம் கொடுக்கும், மெஸ் சாப்பாடு கொடுக்கும், காலையில் பஸ்ஸில் ஏற்றும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். வெளியே தங்குகிறவர்களும் உண்டு. டவுனில் ஒரு வீட்டை எடுத்து, கட்டில் கட்டிலாக வாடகைக்கு விடுவார்கள். அங்கே மீன்குழம்பு வைக்கலாம், சத்தமாகப் பாட்டுக் கேட்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் எனக்குப் பயம். கேம்ப்புக்கு வந்த புதிதில் எனக்குக் காய்ச்சல் அடித்தது. போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன். பஸ்ஸில் ஒரு ஆள் குறைகிறது என்று கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் பாஸ் வந்து கதவைக் காலால் உதைத்தார். ஹைதராபாத்காரர், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். அதே வாயால் டிரைவரைத் திட்டி என்னைக் கிளினிக்கில் சேர்த்தார். அக்கறை எல்லாம் இல்லை. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஒருத்தர் எண்ணுகிறாரே.

இதை இசக்கியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"நீ கேம்ப்ல கெடக்க. நானும் ஆள எண்ணி கதவப் பூட்டுத எடத்துல கெடக்கணுமாக்கும். நம்ம வீட்ல ஒருத்தனாவது நெனச்ச நேரம் வெளிய போவட்டும்ணே."

"காய்ச்சல் வந்தா யாருலே பாப்பா?"

"குத்தாலத்துல இருந்துக்கிட்டு காய்ச்சலுக்குப் பயப்படச் சொல்லுதான் பாரு. அருவி எதுக்கு இருக்கு?"

நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் யார் சொன்னாலும் சிரிக்கிற பேச்சுதான் அது. அருவித் தண்ணீர் மூலிகைக்குள் புகுந்து வருகிறது, எவ்வளவு நேரம் நின்றாலும் சளி பிடிக்காது, உடம்பு வலி ஓடிப்போகும். பிறந்ததிலிருந்து கேட்டது. மஸ்கட்டில் கூட வேலை செய்கிற பெங்காலிப் பையனிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியாக அவன் ரூமுக்குப் போனான்.

3

குற்றாலத்தில் ரூம் எடுப்பது மற்ற ஊர் மாதிரி இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. சீசன் முடிந்து சாரல் நின்றதும் ஊர் காலியாகிவிடும். சீசனுக்கு நாள் வாடகைக்கு விட்ட வீடுகள் எல்லாம் சும்மா கிடக்கும். அப்போது காலேஜ் பையன்களுக்கு மலிவாகக் கொடுப்பார்கள். அடுத்த வருசம் சாரல் விழ ஆரம்பித்ததும் பையன்கள் பெட்டியைக் கட்ட வேண்டும். சண்டை கிடையாது. இரண்டு பக்கமும் தெரிந்த ஏற்பாடு. காலேஜ் திறக்கிற நேரமும் சீசன் ஆரம்பிக்கிற நேரமும் ஒன்றாக வரும் என்பதுதான் அதில் இருக்கிற கஷ்டம்.

இசக்கி இருந்தது துரை அண்ணாச்சி என்பவர் வீட்டு மாடி. காலேஜ் பையன்கள் நாலைந்து பேர். அந்த மாதங்களில் அவன் சந்தோசமாக இருந்தான். இதை நான் எழுதியே ஆக வேண்டும். ரசம் வைக்கப் படித்துக்கொண்டான். வீடியோ காலில் சட்டியைக் காட்டி, "இதக் குடிச்சிட்டு ஒரு பயலும் சாவல" என்பான். அவன் பேச்சுகூட மாறிவிட்டது. செங்கோட்டைப் பக்கத்துப் பையன்களோடு சேர்ந்து மலையாளம் கலந்து பேசுவான், போதும் என்பதற்கு மதி என்பான். நான் இங்கே மலையாளிகளோடு இருந்து அதே மாதிரி ஆகிவிட்டேன். அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் போனில் பேசிவிட்டு, "சோறு போதுமான்னு கேட்டா மதிங்கான். ரெண்டு பயலும் ஒரே மாதிரி கெட்டுப் போயிட்டானுவ" என்று செல்வியிடம் சொல்வாளாம்.

அடுத்த சீசன் வந்தது. அண்ணாச்சி மாடியைக் காலி செய்யச் சொன்னார். மற்ற பையன்கள் சிலர் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். இசக்கியும் கடையத்துப் பையன் ஒருத்தனும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் பாய், தலையணை, வாளி, டிரம் எல்லாம் போட்டு வைக்கிற ஒரு அறை உண்டு. சீசனில் அந்தச் சாமான் எல்லாம் மேலே போய்விடும், அறை காலியாக இருக்கும். அதில் படுத்துக்கொள்ளுங்கள், வாடகை வேண்டாம், வருகிறவர்களுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுங்கள் என்றார் அண்ணாச்சி. லீவு நாளில் பஸ் ஸ்டாண்டில் நின்று, வருகிற கூட்டத்திடம் ரூம் வேண்டுமா என்று கேட்டுக் கூட்டிவரவும் சொன்னார்.

"படுக்க எடமில்லாதவன் ஊருக்கெல்லாம் ரூம் பிடிச்சுக் குடுக்கேன்ணே" என்றான் இசக்கி. போனைச் சுற்றிக் காட்டினான். ஜன்னல் இல்லை. சுவரில் ஈரம் ஏறியிருந்தது. நான் என் பங்குக்கு என் அடுக்குக் கட்டிலைக் காட்டினேன். யார் இடம் சின்னது என்று போட்டி வைத்துக்கொண்டோம். அவன்தான் ஜெயித்தான்.

4

காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியாது. காய்ச்சல் விட்ட பிறகுதான் சொன்னான். அவன் அனுப்பிய மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது.

"அண்ணே, ரெண்டு மூணு நாளா நல்ல காய்ச்சல். ஒனக்குச் சொல்லல, நீ ஹாஸ்டல் ஹாஸ்டல்னு ஆரம்பிச்சிருவ. நேத்து போயி அருவில நின்னேன். இன்னைக்கு ஒண்ணுமில்ல, மேலு ஜில்லுன்னு இருக்கு. பாத்தியா, டாக்டருக்குத் துட்டு அழாம வேலை முடிஞ்சுது."

நான் கட்டைவிரலைக் காட்டுகிற படத்தை அனுப்பினேன். அவ்வளவுதான் அவனுக்கு நான் கடைசியாக அனுப்பியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கடையத்துப் பையன் சொல்லித்தான் தெரியும். காய்ச்சல் விட்ட சந்தோசத்தில் இசக்கி ஒரு குடும்பத்துக்கு மாடி வரைக்கும் தண்ணீர் தூக்கியிருக்கிறான். அன்று சாயங்காலமே வயிற்று வலி. வாந்தி. முந்தின நாள் சாப்பிட்ட புரோட்டா சரியில்லை என்று நினைத்திருக்கிறார்கள். சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல்தான் இல்லையே, யாருக்குச் சந்தேகம் வரும்? மறுநாள் காலை எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தான். தென்காசிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள்.

டெங்கு என்றார்கள். திருநெல்வேலியில் டாக்டர் பேசும்போது செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டாள். நான் கேம்ப் வராந்தாவில் நின்று கேட்டேன். காய்ச்சல் விட்டதுமே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார் அவர்.

"காய்ச்சல் விட்ட பெறவு எதுக்கு சார் ஆஸ்பத்திரிக்கு வரணும்?" என்று கேட்டேன்.

அந்த டாக்டர் நல்லவர். முட்டாளே என்று சொல்லவில்லை. இந்தக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரம்தான் சிலருக்கு ஆபத்து, உள்ளே ரத்தக் குழாயில் இருந்து நீர் கசியும், பிரஷர் விழும், வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிசம்கூட வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அருவி காய்ச்சலை இறக்கவில்லை. அது இறங்குகிற நாளில் இறங்கியது. இவன் அன்றைக்குப் பார்த்து அருவியில் நின்றிருக்கிறான்.

மறுநாள் இசக்கி போய்விட்டான்.

லீவு கேட்டு ஆபீசுக்குப் போனேன். அம்மாவா, அப்பாவா, மனைவியா என்று கேட்டார்கள். தம்பி என்றேன். தம்பிக்கு அவசர லீவு கிடையாது, சாதாரண லீவுக்கு எழுதிக் கொடு, மேலே இருந்து கையெழுத்து வர வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த இந்தியில், அவனை நான்தான் தூக்கி வளர்த்தேன், எனக்கு அவன் பிள்ளை மாதிரி என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது என் பிள்ளை செத்துவிட்டது என்பதுதான். ஆபீஸ் பெண் பதறிப்போய் என் பைலைத் திறந்தாள். கல்யாணமே ஆகவில்லையே என்றாள். பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

கூட வேலை செய்கிற பெங்காலிப் பையன் போனைப் பிடித்துக்கொள்ள, அவன் முகத்தைக் கடைசியாக வீடியோவில்தான் பார்த்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. முகம் நின்றபோது நின்றது, போனபோது போனது.

5

லீவு கிடைத்து நான் ஊருக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்து அழவில்லை. சாப்பாடு போட்டாள். "அவன் சாமானெல்லாம் அங்கன கெடக்கு. போய் எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

குற்றாலத்தில் நல்ல சீசன். ரோடு முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜனம். குழந்தைகள் நடுங்கிக்கொண்டே பஜ்ஜி தின்றன. "அண்ணாச்சி, எண்ணெய் தேய்ச்சு விடட்டுமா?" என்று ஒருத்தர் என் கையைப் பிடித்தார். இன்னொரு பையன் ஓடி வந்து, "அண்ணே ரூம் வேணுமா, அருவிக்குப் பக்கம்" என்றான். இசக்கி நின்ற இடம் அதுவாகத்தான் இருக்கும். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

துரை அண்ணாச்சி வீட்டு மாடியில் ஒரு மதுரைக் குடும்பம் இருந்தது. இசக்கி சட்டை காயப்போட்ட கொடியில் அவர்கள் சேலை காய்ந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, ரூம் பையனா, ஒரு வாளி சுடுதண்ணீர் வேண்டும் என்றாள். அண்ணாச்சி பதறி ஏதோ சொல்ல வந்தார். நான் வாளியை வாங்கி அடுப்படிக்குப் போய்ச் சுடுதண்ணீர் பிடித்து மாடியில் வைத்துவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவன் ஏறிய படியில் ஒரு தடவை ஏற வேண்டும் போல இருந்தது.

பின்னறையில் அவன் பை இருந்தது. இரண்டு பேண்ட், கரி பிடித்த ரசச் சட்டி, காலேஜ் புத்தகம். ஒரு ஈரத் துண்டு சுருட்டியபடியே கிடந்து பூஞ்சை பூத்திருந்தது. அருவிக்குக் கொண்டுபோன துண்டு.

அண்ணாச்சி வாசலை மறித்து நின்றார். அறுபது வயது ஆள், கண் சிவந்திருந்தது.

"ஏய்யா, நான் ஒண்ணு சொல்லணும். காய்ச்சல்னு படுத்திருந்தான். நான்தான் சொன்னேன், அருவில போயி தலையக் காட்டு, எறங்கிரும்னு. எம் புள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லுவேன். நான் வேற என்னத்தக் கண்டேன்?"

நான் அவரை அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் போல இருந்தது. "ஆள் குறைஞ்சா எண்ணுததுக்கு ஒரு ஆள் இருந்திருக்கணும் அண்ணாச்சி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். எங்கள் அம்மா வாய்க்கு ஊரே பயப்படும். கோழி காணாமல் போனாலே தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறவள். அந்த ஆளை என்னவெல்லாம் சாபம் விடப்போகிறாளோ என்று பார்த்தேன். அந்தத் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்த் துவைத்தாள். துவைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

6

இப்போது செல்விக்கு வருகிறேன். அவளுக்கும் அதே பக்கம்தான், ஒரு பெண்கள் காலேஜில் இடம் கிடைத்தது. திருநெல்வேலியில் கிடைக்கவில்லை. காலேஜுக்குள்ளேயே ஹாஸ்டல் இருக்கிறது. இல்லாவிட்டால் கூடப் படித்த இரண்டு பிள்ளைகள் தென்காசியில் ஒரு டீச்சர் வீட்டு மாடியை எடுக்கிறார்கள், அவர்களோடு இருக்கலாம்.

அம்மா இரண்டும் வேண்டாம் என்றாள். பஸ்ஸும் வேண்டாம். படித்தது போதும், பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்று என்றாள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை மஸ்கட் வழியாக நடந்தது. செல்வி எனக்கு மெசேஜ் அனுப்புவாள். நான் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பேன். அம்மா பதில் சொல்வாள். அதை நான் செல்விக்குச் சொல்வேன். அவள் அடுத்த அறையில் இருந்தபடியே எல்லாவற்றையும் காதால் கேட்டுவிட்டு, திரும்ப எனக்கு அனுப்புவாள். எனக்குச் சாப்பாட்டு நேரம் எல்லாம் இதில் போயிற்று. எங்கள் போர்மேன், உன் வீட்டில் என்ன ஓட்டு எண்ணுகிறார்களா, நிமிசத்துக்கு ஒரு போன் வருகிறதே என்று கேட்டார்.

"அவன் ரூமுக்குப் போனான், ரூமு அவனத் தின்னுட்டு. இவளயும் அனுப்பவா?" என்பாள் அம்மா.

"ரூம்தான வேண்டாம்? ஹாஸ்டலுக்கு அனுப்பு."

"ஹாஸ்டல் மட்டும் நம்ம வீடா? பெத்தவ பாக்காத எடம் எல்லாம் ஒண்ணுதான்."

செல்வி அழுகிற பெண் இல்லை. ஒரு நாள் மட்டும் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "அண்ணே, எனக்கு ரூம்தான் பிடிச்சிருக்கு. இசக்கியண்ணன் எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியும். அவன் ரூமுல இருந்தப்ப வீட்டுக்கு வந்தா சிரிச்சுக்கிட்டே வருவான். ஆனா நான் ஹாஸ்டலுக்கே போறேன். எங்கயாவது போறேன். இங்கன அவன் போட்டோவுக்குக் கீழ ஒக்காந்து பீடி சுத்தினா நானும் செத்துருவேன். அம்மாகிட்ட இதச் சொல்லாத."

நான் சொல்லவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருந்தாள். அவள் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

இசக்கிக்குத் தலைத்திவசம் முடிந்தது. காலேஜில் சேர்வதற்குக் கடைசி நாள் நெருங்கியது. என்ன பேசுவதென்று தெரியாமல் நான் அம்மாவைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் வெளியே போனால் தூரமாகிவிடுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கடல் தாண்டிய நான்தான் எல்லாருக்கும் நடுவில் நின்றேன். பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்த இரண்டு பேர்தான் தூரமாகிப்போனார்கள்.

7

போன வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு நாள். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். செல்வி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

காலையில் எழுந்ததும் அம்மா அவளைத் தலை பின்னச் சொல்லியிருக்கிறாள். எதற்கு என்று சொல்லவில்லை. பெட்டியில் இருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். ஆலங்குளம், தென்காசி, அங்கிருந்து இன்னொரு பஸ். இசக்கி போன வழி. ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் முந்தானையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாளாம். நேராக ஹாஸ்டல் வாசலில் போய் நின்று, வார்டனைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறாள்.

வார்டன் ஒரு நடுத்தர வயது அம்மா. சாப்பாடு எப்படி, கேட் எப்போது பூட்டுவோம், வீட்டுக்கு எப்போது அனுப்புவோம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அம்மா அதை எதையும் கேட்கவில்லை.

"எம்மா, புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்விய?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். ஒங்களுக்குப் போன் பண்ணுவோம்."

"காய்ச்சல் விட்டுட்டா?"

"விட்டாச் சரியாப் போச்சுல்லாம்மா. கிளாசுக்குப் போவா."

"இல்லம்மா" என்றாளாம் அம்மா. "விட்ட பெறவுதான் பாக்கணும். வயிறு வலிக்கா, வாந்தி வருதா, ஒழுங்கா ஒண்ணுக்குப் போறாளா, எல்லாம் கேக்கணும். சும்மா ஆள் இருக்கான்னு எண்ணக் கூடாது, கிட்ட வந்து பாக்கணும். அருவில போயி நில்லுன்னு மட்டும் யாரும் சொல்லிராதிய."

வார்டனுக்கு என்னவோ விளங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்காரச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் அம்மா அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லியிருக்கிறாள். செல்விக்கும் அன்றுதான் தெரியும்.

பிறகு போனை அம்மா வாங்கினாள். ரோட்டோரம் நின்று பேசினாள். பின்னால் வண்டிச் சத்தம்.

"ஏய்யா, நீ அந்த அண்ணாச்சிய வையாத. அந்த ஆளு சொன்னதுக்கு இசக்கி போவல. எனக்குப் போன் போட்டுக் கேட்டான். எம்மா, காய்ச்சலா இருக்கு, அருவிக்குப் போவட்டுமான்னான். நான்தான் சொன்னேன். போய்யா, ரெண்டு நிமிசம் நின்னுட்டு வா, அது மருந்துத் தண்ணி, ஒண்ணும் செய்யாதுன்னேன். மறுநாளு போன் போட்டு, எம்மா எறங்கிட்டுன்னான். நான் என் கையால கும்பிட்டேன்யா. மலையப் பாத்துக் கும்பிட்டேன்."

நான் சோப்புக் கையோடு நின்றேன். தண்ணீர் கொல்லவில்லை அம்மா என்றேன். காய்ச்சல் அதுவாகத்தான் இறங்கியது, நீ சொன்னதால் எதுவும் இல்லை, டாக்டர் சொன்னதை நான் கேட்டேன் என்றேன். எனக்குத் தெரிந்தவரைக்கும் அது உண்மைதான். முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை. கூட இருந்த பையன் சொல்லவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அருவிக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவள் ஒரு வருசமாக ரூமைத் திட்டிக்கொண்டிருந்தாள். ரூமைத் திட்டாவிட்டால் வேறு யாரைத் திட்டுவாள்?

"நீ எழுதுய்யா" என்றாள். "நம்ம ஆளுவ படிக்கதுல எழுது. எவ புள்ளையாவது காய்ச்சல்னு அருவிக்குப் போவான். அவன் அம்மாளும் என்னைப் போல சொல்லிக் குடுப்பா. எம் பேரப் போட்டாலும் போட்டுக்கோ."

பேரைப் போடவில்லை. மற்றதை எழுதிவிட்டேன்.

செல்வி ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். அவளுக்குக் கிடைத்த அறையின் ஜன்னலைத் திறந்தால் மலையும், மழை விழுந்தால் வெள்ளைக் கோடாக அருவியும் தெரிகிறதாம். மற்ற பிள்ளைகள் அந்தக் கட்டிலுக்குச் சண்டை போட்டார்கள். இவள் சுவர்ப் பக்கத்துக் கட்டிலை எடுத்துக்கொண்டாள். வார்டன் தினமும் வந்து எண்ணும்போது இவள் கழுத்தில் மட்டும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாராம். கூட இருக்கிற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். "ஏட்டி, ஒன்னய மட்டும் கொழந்த மாதிரி பாக்காவ" என்கிறார்களாம். அவள் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள். மத்தியானம் கூப்பிட்டால் சாப்பிட்டேன் என்கிறாள். சாப்பிட்டாளா என்று எண்ண அங்கே ஆள் இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே என் கூட இருக்கிற பெங்காலிப் பையன் அவனுடைய தொழுகையில் இசக்கி பெயரைச் சொல்கிறான். போர்மேன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொல்கிறார். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி. சீசனுக்குக் குற்றாலம் போனால், காய்ச்சல் இல்லாத உடம்போடு போங்கள். அருவிக்குள் தலையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிசம் நின்று, இசக்கிமுத்து என்று பெயர் சொல்லி அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவனுக்கு அந்தத் தண்ணீர் ரொம்பப் பிடிக்கும்.